இடுக்கி யார் கையில்?

பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் முதன்முதலாகச் சேர்ந்து உட்காரும் விருந்தை எங்கே வைக்கக்கூடாது என்று சியோல் நகரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நண்டு பரிமாறும் இடத்தில் வைக்கக்கூடாது. ஓட்டை உடைத்து உறிஞ்சுகிறபோது எந்தச் சம்பந்திக்கும் மரியாதை நிற்காது. அதைவிட முக்கியம், மேஜைக்கு நடுவில் தணலைப் போட்டு அவரவரே கறியைச் சுட்டுச் சாப்பிடுகிற கடையில் வைக்கவே கூடாது. புகை, வாடை எல்லாம் இருக்கட்டும். இடுக்கியை யார் எடுப்பது? பெண்ணின் அப்பா எடுத்தால் பெண் வீட்டார் இப்போதே குனிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பிள்ளையின் அப்பா எடுத்தால் வந்த மனுஷனை வேலை வாங்கிவிட்டோம் என்று அர்த்தம். யாருமே எடுக்காவிட்டால் கறி தீய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இதெல்லாம் பியோ கில்சூவுக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். தெரிந்துதான் தன் ஒரே மகள் போராவின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"கிணத்தடி வீட்டுலதான் வைக்கறோம். சனிக்கிழமை மத்தியானம். ஜன்னலோர மேஜை. சொல்லியாச்சு," என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

போரா கையிலிருந்த கிம்ச்சி ஊறுகாய்க் கிண்ணத்தை அப்படியே மேஜையில் வைத்தாள். "அப்பா, அது கறி சுடற கடை."

"ஆமா. மாப்போவுல அதை மிஞ்ச கடை இல்ல."

"சம்பந்தி வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டுப் போய் யாராவது பன்னிக்கறி சுடுவாங்களா? அழகா, அமைதியா, தனி அறை போட்டு, தட்டுத் தட்டா கொண்டுவந்து வெச்சிட்டுப் போற இடம் எத்தனை இருக்கு!"

"அந்த மாதிரி இடத்துல என்ன சாப்பிட்டோம்னு வீட்டுக்கு வந்தப்புறம் ஒருத்தனாலயும் சொல்ல முடியாது. வர்றவங்க இஞ்சியோனிலேர்ந்து வர்றாங்க. நல்ல சாப்பாடு போட வேண்டாமா?"

கில்சூ முப்பது வருஷத்துக்கு மேல் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாங்சிம்னியில் கிளம்பி, ஜோங்னோ வழியாக மாப்போவில் முடிகிற தடம். நகரத்தில் சுட்ட கறிக்குப் பேர்போன தெருக்கள் முக்கால்வாசி அந்தத் தடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவர் அந்தக் கடைகளைத் தரம் பிரித்தது சாப்பிட்டுப் பார்த்து அல்ல. ஓட்டுநர் சம்பளத்தில் அது எங்கே நடக்கும்? பேருந்தில் ஏறுகிறவர்களின் சட்டையை மோந்து பார்த்துத்தான். ஜோங்னோ நிறுத்தத்தில் ஏறுகிறவன்மேல் கொழுப்பு கருகிய வாடை வந்தால் அந்தச் சந்தில் மூன்றாவது கடையில் அடுப்புத் தட்டை மாற்றவில்லை என்று சொல்வார். வாங்சிம்னியில் ஏறுகிறவன்மேல் பூண்டு மட்டும் மணந்தால், குடல்கறியில் ஏதோ கோளாறு, பூண்டைப் போட்டு மறைக்கிறார்கள் என்பார். மாப்போவில், கிணற்றடி வீட்டிலிருந்து வந்து ஏறுகிறவர்கள்மேல் மட்டும்தான் சுத்தமான ஓக் கட்டைப் புகையும் வெந்த கறியும் சேர்ந்து மணக்குமாம். "அவன் ஏறினா வண்டியே பசிச்சுப் போகும்," என்பார். ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு கடையாகப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தார். மோந்தது ஒன்றுகூடத் தப்பவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். வேறு யாரும் சொல்லவில்லை.

"இவரு மூக்கை நம்பி உன் கல்யாணத்தை வெச்சிருக்காரு பாரு," என்றாள் போராவின் அம்மா மல்சூன், பாத்திரம் கழுவிக்கொண்டே.

போராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற ஜூன்மோ நல்லவன். அவன் விஷயத்தில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் அவன் அம்மா இன்சுக் அம்மாள்தான். இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். இரண்டு தடவையும் அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "குளிரா இருக்குங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டதோடு சரி. சிரிப்பு இல்லை, முறைப்பும் இல்லை. கல்யாணப் பேச்சை எடுத்தபோது மகனிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அந்தக் குடும்பத்தோட உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடறேன். அதுக்கப்புறம் சரியா இல்லையான்னு சொல்றேன்."

அவர் வேண்டாம் என்றால் ஜூன்மோ எதிர்த்துக்கொண்டு வருவான். வருவேன் என்று சொல்லியும் விட்டான். ஆனால் போராவுக்கு அது வேண்டாம். தன் அம்மா இருபது வருஷம் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லாத மாமியாரோடு குப்பை கொட்டியதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள் அவள். பிடிக்காத வீட்டுக்குள் கால் வைக்கமாட்டேன், அந்த அம்மா மனசார வா என்று சொன்னால்தான் வருவேன் என்று ஜூன்மோவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆகவே எல்லாம் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் வந்து நின்றது. அந்தச் சாப்பாட்டைத்தான் அப்பா கொண்டுபோய் நெருப்பில் வைத்திருந்தார்.

கடைகூடப் பரவாயில்லை. உண்மையான பயம் அப்பாவின் கை. கறி சுடும் மேஜையில் கில்சூ இடுக்கியை எடுத்துவிட்டால் அவர் வேறு மனுஷன். கறியை ஒரே ஒரு தடவைதான் திருப்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. வேறு யாராவது சாப்பிடுகிற குச்சியை நீட்டினால் இடுக்கியாலேயே தட்டுவார். "வெந்துடுச்சான்னு எனக்குத் தெரியாதா?" என்பார். போராவின் கல்லூரித் தோழி ஒருத்தி, பாவம், பிறந்தநாள் விருந்தில் கறியை இரண்டாம் தடவை திருப்பப்போய், இவர் சொன்ன ஒரு சொல்லில் வெறும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

"அப்பா, கடையை மாத்த மாட்டீங்க. சரி. இடுக்கியைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"அங்க பரிமாற வர்றவங்களே சுட்டுக் குடுத்துடுவாங்கம்மா. நான் எதுக்குத் தொடப்போறேன்?"

"சத்தியம்."

"சரி, உன் மேல சத்தியம்."

"என் மேல வேண்டாம். சுலபமா மீறிடுவீங்க. உங்க பேஸ்பால் டீம் மேல பண்ணுங்க."

கில்சூவின் முகம் வெளுத்துப்போனது. இந்த வருஷம்தான் அந்த அணி ஏதோ நாலு ஆட்டம் ஜெயித்துக்கொண்டிருந்தது. மனைவியைப் பார்த்தார். மல்சூன் பாத்திரத்தை விட்டுவிட்டு ஆவலாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் பண்ணினார்.

சனிக்கிழமை மத்தியானம் கிணற்றடி வீட்டு வாசலில் இரண்டு குடும்பமும் சந்தித்தன. குனிந்து வணங்கினார்கள். நிமிர்ந்தார்கள். எதிராளி இன்னும் குனிந்திருக்கிறார் என்று பார்த்து மறுபடியும் குனிந்தார்கள். உள்ளே போய் எதிரும் புதிருமாக உட்கார்ந்த பிறகு இன்னொரு வணக்கம் போட்டபோது, புகையை இழுக்க மேலேயிருந்து தொங்கும் தகரக் குழாயில் கில்சூ நெற்றியை இடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நல்ல கெட்டியான குழாய்," என்றார்.

ஜூன்மோவின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், பேச்சு குறைவு. "ஆமா. நல்லா இழுக்குது," என்று குழாயைப் பாராட்டினார். அதோடு ஆண்களின் பேச்சு முடிந்தது.

இன்சுக் அம்மாள் தந்த நிறத்தில் ஒரு மேலங்கி போட்டுக்கொண்டு வந்திருந்தார். பார்த்தவுடனே தெரிந்தது, புதுசு, இன்றைக்கென்றே எடுத்தது. கடைக்காரர் வாடை ஏறாமலிருக்க அதை வாங்கி, குப்பை போடுகிற பை மாதிரியான ஒரு பெரிய பாலித்தீன் பைக்குள் திணித்து முடிச்சுப் போட்டார். போரா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அந்த அம்மாள் கழுத்தில் கடையின் ஏப்ரன் ஏறியிருந்தது. சோஜு சாராயக் குப்பியை உயரத் தூக்கிப் பிடித்துக் கண்ணடிக்கிற பெண்ணின் படம் நெஞ்சு முழுக்க. இன்சுக் அம்மாள் நாடாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், பாராமலே ஒரே இழுப்பில் இறுக்கிக் கட்டினார். சட்டைக் கையையும் முழங்கை வரைக்கும் மடித்துவிட்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல மடித்ததைக் கீழே இறக்கிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். போராவுக்கு இருந்த பதற்றத்தில் இதெல்லாம் கண்ணில் பட்டும் மனதில் ஏறவில்லை.

பரிமாறுகிற அம்மா வந்தாள். தணல் வைத்தாள், தட்டு வைத்தாள், விரல் தடிமனில் வெட்டிய வயிற்றுக்கறித் துண்டங்களை வரிசையாகப் பரப்பினாள். சொய்ங் என்றது.

"யாரும் தொடாதீங்க. நான் வந்து திருப்பறேன்," என்று சொல்லி இடுக்கியைக் கறியின் பக்கத்தில் வைத்தாள்.

கில்சூ மகளைப் பார்த்து, எப்படி என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார். போராவுக்கும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. அந்த நேரம் பார்த்துத்தானா கதவு திறக்க வேண்டும்? மலையேறிவிட்டு வந்த ஒரு கூட்டம் உள்ளே புகுந்தது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சட்டை, கையில் ஊன்றுகோல், எல்லாருக்கும் ஒரே பசி. "சின்னம்மா! இங்க பத்துத் தட்டு! சின்னம்மா! இங்க சோஜு!" என்று கூரை பறந்தது. பரிமாறுகிற அம்மா அந்தக் கூட்டத்துக்குள் போனவள் போனவள்தான்.

மேஜைக்கு நடுவில் கறி சுடுபட்டுக்கொண்டிருந்தது. ஆறு பேரும் அதைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வர்ற வழியில வண்டி நெரிசலா இருந்துதா?" என்றாள் மல்சூன்.

"அவ்வளவா இல்ல," என்றார் ஜூன்மோவின் அப்பா.

"சனிக்கிழமைன்னா இருக்குமே."

"இருக்கும். ஆனா இல்ல."

கறியின் ஓரம் பொன்னிறமாகியது. கொழுப்பு உருகித் தணலில் விழுந்து சீறியது. போரா ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பார்வை கூரையில். நெற்றியில் வியர்வை.

"சின்னம்மா!" என்று கூப்பிட்டான் ஜூன்மோ. மேஜை மணியை அமுக்கினான். இன்னொரு தடவை அமுக்கினான். மலையேறிகள் யாருடைய நீண்ட ஆயுளுக்கோ கோப்பையை உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

சரி, நாமே எடுப்போம் என்று அவன் இடுக்கிமேல் கையை வைத்தான். மல்சூன் பதறிவிட்டாள். "ஐயையோ! மாப்பிள்ளை கையில இடுக்கியா? யாராவது பார்த்தா என்னைத்தான் சொல்லுவாங்க! வைங்க, வைங்க!"

அவன் வைத்தான். போரா எடுத்தாள். ஜூன்மோவின் அப்பா அன்றைக்கு முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "கல்யாணப் பொண்ணு புகையில நிக்கறதா? வேண்டாம்மா, வேண்டாம். என்கிட்ட குடுங்க."

"நீங்களா? நீங்க விருந்தாளி சம்பந்தி. உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்," என்று மல்சூன் இடுக்கியின் ஒரு காலைப் பிடித்தாள்.

"அட, பரவாயில்லங்க சம்பந்தியம்மா, எனக்குப் பழக்கம்தான்," என்று அவர் மற்றொரு காலைப் பிடித்தார்.

"அது எப்படிங்க?"

"இதுல என்னங்க இருக்கு?"

"இல்லங்க, குடுங்க."

"விடுங்க சம்பந்தியம்மா."

இடுக்கி மேஜைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள், ஒருத்தரும் விடவில்லை. கீழே கறியின் அடி தீயத் தொடங்கியது. போராவின் மூக்கே அதைச் சொல்லிற்று. அப்பாவின் மூக்கு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்த்தாள். கில்சூ கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் எதிரே இன்சுக் அம்மாளும் கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். போரா இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கேயோ ஏதோ உதைத்தது.

குப்பென்று தீ எழுந்தது.

"விடுங்க ரெண்டு பேரும்!"

கடையே ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. இன்சுக் அம்மாள் எழுந்து நின்று இடுக்கியை இரண்டு பேர் கையிலிருந்தும் பிடுங்கினார். சட்டைக் கை மறுபடி முழங்கைக்கு மேலே போயிருந்தது. தீயின்மேலிருந்த துண்டங்களைச் சடசடவென்று ஓரத்துக்குத் தள்ளினார், திருப்பினார், கத்தரிக்கோலால் கருகிய நுனியை வெட்டி எறிந்தார், மறுபடியும் திருப்பினார்.

"அம்மா!" என்றான் ஜூன்மோ. "தொடமாட்டேன்னு சொன்னீங்கல்ல!"

"சொன்னேன். கறி எரியுது, உனக்குச் சத்தியம் கேக்குதா?"

போரா ஜூன்மோவைப் பார்த்தாள். "நீயும் சத்தியம் வாங்கினியா?" என்றாள் மெல்ல.

"நீயும்னா?"

"எங்கப்பா."

ஜூன்மோ வாயைப் பிளந்தான். "எங்கம்மா இடுக்கியை எடுத்தா ஊரே நடுங்கும்டி. நீ பார்த்தா ஓடிப்போயிடுவேன்னு, பேசாதீங்க, சிரிக்காதீங்க, எதையும் தொடாதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன்." 

அப்படியானால் அந்தக் காப்பிக் கடையில் அம்மாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது இந்தப் புத்திசாலியின் வேலையா? போராவுக்கு அவன் காலை மேஜைக்கு அடியில் மிதிக்கத் தோன்றியது. மிதித்தாள்.

இதற்குள் இன்சுக் அம்மாள் நான்காம் முறையாகக் கறியைத் திருப்பியிருந்தார். கில்சூ முதல் திருப்பத்தைப் பொறுத்துக்கொண்டார். இரண்டாவதற்குத் தண்ணீர் குடித்தார். மூன்றாவதற்கு மனைவியின் முழங்கையைப் பிடித்தார். நான்காவதற்கு அவரால் முடியவில்லை.

"சம்பந்தியம்மா," என்றார். "தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு தடவைதான் திருப்பணும்."

இடுக்கி அந்தரத்தில் நின்றது. முடிந்தது கதை என்று நினைத்தாள் போரா.

"யார் சொன்னா?" என்றார் இன்சுக் அம்மாள், நிமிராமல்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் சொல்றேன்."

"பஸ்ஸுக்கும் கறிக்கும் என்னங்க?"

"அதைத்தான் நானும் கல்யாணம் ஆன நாளா கேட்டுட்டிருக்கேன்," என்றாள் மல்சூன்.

"ஒரு தடவை திருப்பினா சாறு உள்ளேயே நிக்கும். சும்மா சும்மா பொரட்டினா வறண்டு போகும்," என்றார் கில்சூ. குரல் ஏறிவிட்டது.

"ஒரே பக்கமா போட்டு வெச்சா ஒரு பக்கம் தீஞ்சுபோகும், இன்னொரு பக்கம் பச்சையா நிக்கும். பிள்ளையைத் தூங்க வெக்கறவ ஒரே பக்கமாவா போட்டு வெப்பா? பொரட்டிப் பொரட்டித்தான் போடணும்."

"கறி தூங்கறதுக்கா வந்துது?"

"பஸ் ஏறவும் வரலீங்களே!"

மலையேறிகளில் இரண்டு பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அதில் ஒருவர் ஒரே திருப்புக் கட்சி. கில்சூவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அந்தத் தைரியத்தில் கில்சூ ஒரு துண்டத்தை நோக்கிக் குச்சியை நீட்டினார். டக்கென்று இடுக்கி அவர் குச்சிமேல் விழுந்தது.

"வேகல. வெந்தா நான் சொல்லுவேன்," என்றார் இன்சுக் அம்மாள்.

கில்சூ குச்சியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இத்தனை வருஷமாக ஊரார் குச்சியையெல்லாம் தட்டிய மனுஷன், தன் குச்சி தட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தார். மல்சூன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு.

"இப்ப எடுங்க," என்று உத்தரவு வந்தது. இன்சுக் அம்மாள் ஒவ்வொருவர் தட்டிலும் துண்டங்களை வைத்தார். ஜூன்மோவின் அப்பா வழக்கம்போல வைத்ததைச் சாப்பிட்டார். மல்சூன் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "அம்மாடி!" என்றாள், அடுத்த துண்டத்தையும் எடுத்துக்கொண்டாள். அடுத்த தட்டுக் கறி வந்தது, சுட்டார். அதற்கடுத்ததும் சுட்டார். பரிமாறுகிற அம்மா ஒரு தடவை ஓடி வந்து பார்த்து, "ஓ, இங்க ஆள் இருக்கா," என்று நிம்மதியாகத் திரும்பிப் போனாள்.

போரா மட்டும் ருசி தெரியாமல் மென்றுகொண்டிருந்தாள். அந்த அம்மாளின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தணலைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார். கோபமா? அப்பா பேசிய பேச்சுக்குக் கோபம் வராமலிருக்குமா? இந்தக் குடும்பத்தோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே. தணல் சாம்பல் பூத்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு தட்டு, அப்புறம் குளிர்ந்த நூடுல்ஸ், அப்புறம் எழுந்து வணக்கம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவள் ஜூன்மோவைப் பார்த்தாள். அவன் கறியை மென்றுகொண்டு உதட்டைப் பிதுக்கினான், தெரியவில்லை என்று.

கில்சூவும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசாமலிருப்பது அபூர்வம். ஒரு துண்டத்தை வாயில் போட்டு, நாக்கைச் சுட்டுக்கொண்டு, "சூடா இருக்கு," என்றார் ஆச்சரியமாக.

"சுட்ட கறி சூடாத்தான் இருக்கும்," என்றாள் மல்சூன்.

"எனக்கு என்னிக்குச் சூடா கிடைச்சுது?" என்றார். பிறகு எதிரே இன்சுக் அம்மாளுக்கு முன்னால் இருந்த இடத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த அம்மாளின் சோற்றுக் கிண்ணத்து மூடி இன்னும் மூடியபடியே இருந்தது. மற்ற ஐந்து பேரும் மூடியைத் திறந்து ஓரமாக வைத்துப் பாதிச் சோற்றைக் காலி செய்திருந்தார்கள். அவர் குச்சி உறையைவிட்டு வெளியே வரவில்லை. தட்டு துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. இத்தனை நேரம் ஒரு துண்டம்கூட அவர் வாய்க்குப் போகவில்லை. கணவர் பார்க்கவில்லை, மகன் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த போராவும் இதைப் பார்க்கவில்லை.

"சம்பந்தியம்மா, இடுக்கியை இப்படிக் குடுங்க. நீங்க சாப்பிடுங்க," என்றார் கில்சூ. பேஸ்பால் அணியை அவர் மறந்தே போய்விட்டார்.

"ஒரே திருப்புக்காரர் கையிலயா? அதுக்கு நான் பட்டினி கிடந்துட்டுப் போறேன்."

"பட்டினிதானே கிடக்கறீங்க! ஆறிப்போனப்புறம் ஓரத்துல ஒட்டினதைச் சுரண்டித் தின்னுட்டு, வயிறு நிறைஞ்சுதுன்னு சொல்லுவீங்க. எனக்குத் தெரியாதா? நானும் அதையே தின்னவன்தான்."

இன்சுக் அம்மாள் முதல்முறையாகத் தணலிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். மறுபடியும் கறியைத் திருப்பினார். இடுக்கியை மட்டும் விடவில்லை.

கில்சூ மகள் பக்கம் திரும்பினார். "பார்த்துட்டு உட்கார்ந்திருக்கியே! இடுக்கி பிடிச்சவங்க கை காலியாகாது. வாயிலதான் வைக்கணும்."

"நானா?" என்றாள் போரா.

"பின்னே யாரு, நானா?"

போராவுக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவை வீட்டில் சர்வாதிகாரி என்று கேலி செய்து, அவர் சுட்டுப் போட்டதையெல்லாம் சூடாகத் தின்று வளர்ந்தவள் அவள். ஒருநாளாவது அவர் தட்டைப் பார்த்திருப்பாளா? கறியைச் சுருட்டித் தின்ன வைத்திருந்த பச்சை இலை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் விரித்தாள். கறி வைத்தாள். கார விழுது வைத்தாள். பூண்டு வைத்தாள். அவசரத்தில் பூண்டு இன்னும் இரண்டு விழுந்தது. எடுக்க நேரமில்லை. கொஞ்சம் சோறும் வைத்து மடித்தாள். மடித்தது குழந்தையின் கைமுட்டி அளவுக்கு வந்துவிட்டது. எழுந்து, குழாயைச் சுற்றிக் கையை நீட்டி, இன்சுக் அம்மாளின் வாய்க்கு நேரே பிடித்தாள்.

முதல் சந்திப்பில் வருங்கால மாமியாருக்கு ஊட்டிவிடுகிற பெண்ணை இந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மல்சூன் கண்ணை மூடிக்கொண்டாள். ஜூன்மோவின் அப்பா மெல்லுவதை நிறுத்தினார். நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்த மலையேறிகள்கூடக் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

இன்சுக் அம்மாள் இலைச் சுருளைப் பார்த்தார். போராவைப் பார்த்தார். போராவின் கை இறங்கவில்லை. தட்டில் கொழுப்பு சீறியது, இப்போது திருப்பாவிட்டால் தீய்ந்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது.

வாயைத் திறந்தார்.

அவ்வளவு பெரியதை அந்த வாயில் அடைக்கக் கொஞ்சம் தள்ளவேண்டியிருந்தது. இரண்டு கன்னமும் உப்பிவிட்டன. அவர் மென்றார். ஒரு கையால் கறியைத் திருப்பிக்கொண்டே மென்றார். கண் கலங்கியது, பூண்டாலா வேறெதனாலா என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. இன்னும் மென்றார். ஒரு வழியாக விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

"பூண்டு ஜாஸ்தி," என்றார்.

போரா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆனா சூடா இருந்துது," என்றார் இன்சுக் அம்மாள். மகனையும் கணவனையும் ஒரு பார்வை பார்த்தார். "இவங்க ரெண்டு பேருக்கும் வெந்துதா வெந்துதான்னு பார்த்தே என் காலம் போச்சு. நீ சாப்டியான்னு ஒருத்தர் கேட்டதில்ல." இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் இடுக்கியால் தணலைக் கிளறினார். "கல்யாணத்தை ஏப்ரல்ல வெச்சுக்கலாம். மே மாசம் ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் கல்யாணம், மண்டபம் கிடைக்காது. என்ன சம்பந்தி?"

"ஏப்ரலே நல்லதுங்க," என்றார் கில்சூ.

"நல்லது. ஆனா கல்யாணச் சாப்பாட்டுக் கடையை நான்தான் பார்ப்பேன். உங்க மூக்கு வேண்டாம்." சொல்லிவிட்டு போராவின் பக்கம் திரும்பினார். "நிக்கிறியே, உட்காரு. அடுத்ததைக் கொஞ்சம் சின்னதா மடிம்மா."

மறுபடியும் வாயைத் திறந்தார்.

போரா கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையை எடுத்தாள். எடுக்கும்போது பார்த்தால், அந்தப் பக்கம் அப்பாவும் வாயைத் திறந்துகொண்டு, தனக்கும் ஒன்று வருமா என்று காத்திருந்தார்.

"ஐயோ, மானம் போகுது. மூடுங்க," என்றாள் மல்சூன். சொல்லிக்கொண்டே இருக்கிறதிலேயே அகலமான இலையாகப் பார்த்து எடுத்தாள். சூடான துண்டமாக இரண்டைப் பொறுக்கி வைத்தாள். கைநிறையப் பூண்டை அள்ளி வைத்து மடித்து, கணவர் வாயில் திணித்தாள். நூடுல்ஸ் வருகிற வரைக்கும் அவரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.